எதிர்க்கட்சி செனட்டருக்கு நான் எழுதிய பேச்சு

நான் வக்கீலாக இருந்தவள். மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்து, எதிர்த்தரப்பு மனுவில் ஓட்டை தேடுவதையே தொழிலாகக் கற்றுக்கொண்டவள். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு அந்தப் படிப்பு பெட்டிக்குள் போய்விட்டது. டிபென்டென்ட் விசாவில் வேலைக்குப் போகக்கூடாது. கிரீன் கார்டு கைக்கு வந்தபோது மகள் மிடில் ஸ்கூலில் இருந்தாள். மறுபடி பரீட்சை எழுதி இந்த ஊர் வக்கீலாக எனக்குத் தெம்பில்லை. எங்கள் தொகுதியின் மாநில செனட்டர் அலுவலகத்தில் போன் எடுக்க ஆள் தேடினார்கள். போய்ச் சேர்ந்தேன்.

செனட்டர் அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. கோட்டு சூட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போட்டிருப்பார். சபையில் அவர் கட்சி எதிர்க்கட்சி. அவர் கொண்டுவந்த மசோதா எதுவும் குழுவைத் தாண்டி வந்ததில்லை. பிறர் கொண்டுவரும் மசோதாக்களை எதிர்த்துப் பேசுவதுதான் அவருக்கு மிச்சமிருந்த வேலை. அந்தப் பேச்சுகளை எழுதிக்கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால், ஒரு மசோதாவைச் சுருக்கித் தரும்படி என்னிடம் கேட்டார். நான் சுருக்கவில்லை. எந்தப் பிரிவு எதோடு மோதுகிறது என்று ஓரமெல்லாம் குறித்துக் கொடுத்தேன்.

"வக்கீல் மாதிரிப் படிக்கிறீர்களே" என்றார்.

"வக்கீல்தான்."

"சொல்லவே இல்லையே?"

"யாரும் கேட்கவில்லை."

அன்றிலிருந்து அவருடைய பேச்சுகளை நான்தான் எழுதினேன். வாடகைக்காரர் மசோதா, குடிநீர்க் குழாய் மசோதா என்று வரிசையாக எழுதினேன், எல்லாவற்றிலும் தோற்றோம். ஆனாலும் அவர் வாயில் என் வாக்கியங்கள் கம்பீரமாக ஒலித்தன. சபைக் குறிப்பில் அவை அவர் பெயரில் ஏறும். அது எனக்கு உறுத்தவில்லை. சீனியருக்கு எழுதிக்கொடுத்துப் பழகியவள்தானே.

பிறகு பள்ளிப் பேருந்து மசோதா வந்தது. வீடு பள்ளிக்குப் பக்கம் என்றாலும் நடந்து போகிற ரோடு ஆபத்தானது என்றால், அந்தப் பிள்ளைகளுக்கும் பஸ் விட மாநிலம் உதவி செய்துகொண்டிருந்தது. அதை நிறுத்துவதுதான் மசோதா. 

தமிழ்ப் பள்ளியில் எனக்குப் பழக்கமான ஒரு பெண் போன் செய்தாள். கரூர்க்காரி. ஹைவேக்குப் பின்னால் ஓர் அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருந்தாள். இரண்டு பிள்ளைகள், இவளுக்கு டிரைவிங் தெரியாது, கணவன் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

"அக்கா, எங்க செனட்டர் ஆபீஸுக்கு எத்தனையோ வாட்டி கால் பண்ணிட்டேனுங்க்கா. மெசேஜ் விடுங்கறாங்க. நீங்க இருக்கற எடத்துல சொல்ல முடியுமா?"

அவள் வீடு எங்கள் தொகுதியில் இல்லை. பக்கத்துத் தொகுதி, அங்கே ஆளுங்கட்சி. அதையும் சேர்த்துத்தான் செனட்டரிடம் சொன்னேன். "குழந்தைகளுக்கு ஏது தொகுதி?" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு காலை செனட்டர், கரூர்க்காரி, நான் மூவரும் அந்த ரோட்டில் பிள்ளைகளோடு பள்ளிவரை நடந்தோம். நடக்கிறவர்களுக்கு சைட்வாக் கிடையாது. பனி அள்ளுகிற வண்டி ஒதுக்கிவிட்ட பனி ஓரமெல்லாம் மலையாகக் குவிந்திருந்ததால், ரோட்டிலேயே இறங்கி நடக்க வேண்டியிருந்தது. லாரி போகும்போதெல்லாம் கரூர்க்காரி பிள்ளைகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். செனட்டர் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்தார். அலுவலகத்திலிருந்து வந்திருந்தவர் போட்டோ எடுத்தார்.

அந்தப் பேச்சை எழுதியபோது மதுரையில் இருந்த மாதிரி இருந்தது. மசோதா கொண்டுவந்தவரைக் கேட்க வேண்டிய கேள்விகளைக் குறுக்கு விசாரணை போலவே அடுக்கினேன். விவாதத்தன்று மாநிலத் தலைநகருக்குப் போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். கீழே பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சாண்ட்விச்சின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். செனட்டர் எழுந்தார்.

"உறுப்பினர் அந்த ரோட்டில் நடந்திருக்கிறாரா?"

"இல்லை."

"அப்படியானால் நடக்கலாம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?"

"தூரத்தை வைத்து."

"தூரத்தை எதில் பார்த்தீர்கள்?"

"வரைபடத்தில்."

"வரைபடத்தில் லாரி ஓடுமா?"

சாண்ட்விச் சாப்பிட்டவர்கூட நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகு செனட்டர் அந்த நடையைச் சொன்னார். ரோட்டில் இறங்க நேர்ந்ததை, தன் கைக்குள் இருந்த சின்னக் கையுறையை, அதன் ஈரத்தை. கையுறை ஈரமாக இருந்தது என்று நான் எழுதவில்லை. அது அவருடைய சொந்தச் சரக்கு. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கீழே வைத்தார்கள்.

அவர் உட்கார்ந்ததும் ஆளுங்கட்சித் தலைவர் அவர் மேஜைக்கு வந்து குனிந்து ஏதோ பேசினார். இருவரும் ஒதுங்கிப் போனார்கள். சபையைக் கொஞ்ச நேரம் ஒத்திவைத்தார்கள். திரும்பிக் கூடியபோது ஒரு திருத்தம் வாசிக்கப்பட்டது. எந்த வகை ரோடுகளுக்கு மட்டும் பஸ் உதவி தொடரும் என்று நீளமான ஒரு வர்ணனை. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அடுத்து மசோதாவுக்கு ஓட்டு. சுவரில் உள்ள பெரிய பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் விளக்கு எரிந்தது. எங்கள் செனட்டர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை, அதாவது ஆதரவு.

தவறான பொத்தானை அழுத்திவிட்டார் என்றே நினைத்தேன். படியிறங்கி ஓடி, வராந்தாவில் பிடித்து அதைத்தான் கேட்டேன்.

"இல்லையே" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "ஜெயித்துவிட்டோம். நம் தொகுதி ரோடுகள் எல்லாம் அந்தத் திருத்தத்துக்குள் வந்துவிட்டன. பதிலுக்கு என் ஓட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். நம் பிள்ளைகளுக்கு பஸ் உண்டு."

"அந்த இரண்டு பிள்ளைகளுக்கு?"

"அவர்கள் ரோடு அதில் வராது. கேட்டுப் பார்த்தேன், தரமாட்டேன் என்றுவிட்டார்கள். அது அவர்கள் செனட்டர் கேட்க வேண்டியது." பிறகு என் தோளில் கை வைத்தார். "நான் எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் மசோதா நிறைவேறியிருக்கும். எதிர்க்கட்சிக்கு இவ்வளவுதான் கிடைக்கும். இதுவும் உங்களால்தான் கிடைத்தது. அந்தப் பேச்சு இல்லையென்றால் அவர்கள் இறங்கி வந்திருக்கவே மாட்டார்கள்."

நன்றி சொல்கிறார் என்று புரிந்தது. அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாததுதான் எனக்கு இன்னும் கசக்கிறது. ஓட்டை தேடிப் பிழைத்தவளுக்கு அன்று ஓட்டை அகப்படவில்லை.

நான் வீடு வந்து சேர்வதற்குள் பேச்சின் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்திருந்தது. ஓட்டு எடுக்கப்பட்டது அதில் இல்லை. தமிழ்ச் சங்கத்து அங்கிள் ஒருவர், "இந்த ஸ்பீச் நம்ம ஊர்ப் பொண்ணு எழுதினது, ப்ரவுட் மொமென்ட்" என்று போட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். கரூர்க்காரி எனக்குத் தனியாக அனுப்பியிருந்தாள்: "அக்கா, அழுதுட்டேன். எங்க பாப்பா கையப் பத்திச் சொன்னாங்கல்ல."

மறுநாள் நேரில் போய்ச் சொன்னேன். சோபாவில் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்ப எங்களுக்கு பஸ் இல்லீங்களா?"

"இல்லப்பா. செப்டம்பர்ல ஸ்கூல் தொறக்கறதோட நின்னுடும்."

"அவங்களும் அதுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்களா?"

"ஆமா."

காபி போடட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கப்படாது. அவங்க ஊரு பஸ்ஸும் நின்னு போயிருந்தா, அந்த ஊரு அம்மாங்களும் எங்களோட சேந்து கத்தியிருப்பாங்கல்ல? இப்ப நாங்க மட்டுந்தானே இருக்கோம்."

இத்தனை வருஷம் அரசியல்வாதியின் அலுவலகத்தில் இருந்த எனக்கு, வராந்தாவில் செனட்டர் முன்னால் நின்றபோது இது தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேலையை விட்டேன். செனட்டர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஒரு மசோதாவுக்காகவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வீட்டில் என் கணவர், "ஹெல்த் இன்சூரன்ஸ் என் வேலையிலதானே இருக்கு, விடு. ஆனா நீ போனா அந்த அம்மாவுக்கு வேற ஆள் எழுதுவாங்க, அவ்வளவுதான்" என்றார். உண்மைதான். வேறு ஆள் எழுதினார்கள். ஒன்றிரண்டு பேச்சைக் கேட்டுப் பார்த்தேன், சுமார்தான். அப்படி நினைத்ததில் கிடைத்த அற்பத் திருப்தியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கரூர்க்காரி அடுத்து வந்த குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகளோடு நடந்தாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால் மறுபடி யாராவது பேசியிருப்பார்கள். வசந்தத்தில் கணவனுக்கு டெக்சஸில் வேலை கிடைத்து பிளானோவுக்குப் போய்விட்டார்கள். போகும்போது எனக்குச் சொல்லவில்லை. தமிழ்ப் பள்ளியில் வேறொருத்தி சொல்லித்தான் தெரிந்தது.

நான் இப்போது ஐசலின் என்ற ஊரில் ஒரு வக்கீலிடம் வீட்டுப் பத்திர வேலை பார்க்கிறேன். வாங்குகிறவர், விற்கிறவர் இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினால் போதும். யாரும் பேச்சு கேட்பதில்லை.

போன மாதம், இப்போது ஹைஸ்கூலில் படிக்கும் மகள் குதித்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் நல்ல மேடைப்பேச்சுக்கு உதாரணமாக அந்த வீடியோவைப் போட்டார்களாம்.

"அம்மா, மை டீச்சர் லவ்ட் இட்! நீ எழுதினதுன்னு நான் சொன்னேன்."

"அவங்க எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு சொன்னியா?"

அவள் முகம் சுருங்கியது. "பட் அம்மா, அது ஸ்பீச் பத்தின கிளாஸ்."

சாப்பிட வா என்றேன்.