துரை விட்டுப்போன கள்ளித் தொட்டிகள்

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. என் கணவர் அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா. திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவார். அவருடைய துரை சீமைக்குக் கிளம்பும் முன், பங்களாச் சாமான்களை ஆபீஸ்காரர்களுக்குக் கொடுத்தார். ஒருவர் சாய்வு நாற்காலியைக் கேட்டு வாங்கினார், இன்னொருவர் கிராமபோனை. இவர் கூச்சப்பட்டுக் கடைசியில் போய் நின்றார். மிச்சமிருந்தவை, துரை ஆசையாகச் சேர்த்து வளர்த்த கள்ளிச் செடிகள்தான்.

இரண்டு கூடை நிறையத் தொட்டிகளோடு வந்து சேர்ந்தார்.

"இன்னிக்கு ரயில்ல ஒருத்தரும் என் பக்கத்துல உக்காரல. கால நீட்டிகினு வந்தேன். எல்லாம் மெக்சிகோ தேசத்துச் செடி, தெரியுமா?"

"முள்ளுக்கு நம்ம ஊர்ல இன்னாங்க பஞ்சம்?" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. அன்றிலிருந்து மழை தூறினால் குடையை எடுத்துக்கொண்டு தொட்டிகளிடம் ஓடுவார். கொடியில் காய்ந்த என் புடவைகள் நனையும்.

என் மாமனாருக்குக் கே.ஜி.கண்டிகைப் பக்கம் நிலம். அவருடைய வாலிபம் முழுக்கச் சப்பாத்திக்கள்ளியோடுதான் கழிந்தது. வெட்டுவார், கொளுத்துவார், விழுந்த துண்டெல்லாம் மறுபடி முளைக்கும். கடைசியில் சர்க்காரே ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டது. வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல இருக்கும் அந்தப் பூச்சி, காடாகக் கிடந்த கள்ளியை அழுக வைத்துத் தீர்த்தது. மாமனாருக்கு மலைமேல் இருக்கும் முருகனுக்கு அடுத்தபடி அந்தப் பூச்சிதான்.

அவர் வேர்க்கடலை மூட்டையோடு வந்தபோது தொட்டிகளைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இன்னாம்மா இது?"

"கள்ளிங்க மாமா. உங்க புள்ள வளக்கறாரு."

"தண்ணி ஊத்தறானா?"

"ஆங், அளந்து ஊத்தறாரு."

காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு இலைப் பொட்டலத்தோடு வந்தார். எங்கோ தப்பிப் பிழைத்திருந்த ஒரு சப்பாத்திக்கள்ளியைத் தேடிப் பிடித்து, அதிலிருந்த பூச்சியைக் கொண்டுவந்திருந்தார். தொட்டி தொட்டியாகக் குச்சியால் ஒட்டினார்.

"சும்மா பாத்துகினு இரும்மா. வீடு சுத்தமாயிடும்."

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "நைனா அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு" என்று சிரித்தார். மறுநாள் செடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்தவருக்கு விரலெல்லாம் சிவப்பாகிவிட்டது. ரத்தம் என்று பதறி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். கழுவிப் பார்த்தால் ஒரு கீறலும் இல்லை; நசுங்கிய பூச்சியின் சாயம். அப்போதுதான் என் பேச்சை நம்பினார்.

அப்பாவை எதிர்த்துப் பேச இவருக்கு வாய் வராது. அதனால் அவர் வந்து பூச்சி விடுவார். அவர் தலை மறைந்ததும் இவர் சவர பிரஷ்ஷில் சோப்பு நுரை எடுத்துச் செடிகளுக்குத் தடவுவார். அந்த பிரஷ்ஷை மறுபடி முகத்தில் வைக்க முடியாமல் தாடி இரண்டு நாள் மூன்று நாள் என்று வளர்ந்தது. சப்பாத்திக்கள்ளி மாதிரியே சப்பை சப்பையாக இருந்த ஒரு செடி மட்டும் அழுகிப் போனது. உருண்டைக் கள்ளிகளைப் பூச்சி சீந்தவே இல்லை.

மாமனாருக்கு மனசு விட்டுப்போயிற்று. "தொர போனப்பறம் பூச்சிகூட ஒழுங்கா வேல செய்ய மாட்டேங்குது" என்றார்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த உறவுக்காரர்கள் வீடு நிறைய இருந்தார்கள். அன்று பார்த்து ஓர் உருண்டைக் கள்ளி உச்சியில் ரோஜா நிறத்தில் பூத்தது. எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மாமனார் நடுவில் நின்றார்.

"மெக்சிகோ. தொர என் புள்ள கையில குடுத்துட்டுப் போனாரு. கிட்ட போவாதீங்க, முள்ளு."

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். அன்றைக்கும் இடுப்பில் ஒரு இலைப் பொட்டலம் இருந்தது.

"இந்தப் பூ எத்தினி நாளுக்கு இருக்கும்மா?"

"தெரியலீங்க மாமா. இப்பதான் பூத்துது."

"சரி, அது உதிரட்டும்" என்று பொட்டலத்தை இன்னும் உள்ளே தள்ளிச் செருகிக்கொண்டு சாப்பிடப் போனார்.