விஸ்வநத்தம் சாலையில் ஒரு கல்

பொதுமக்கள் மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அந்த விதியைச் சொல்லியே பணிக்காலம் முழுவதும் பிறரை மிரட்டியவன் நான்.

போன ஆனி மாதம், விஸ்வநத்தம் போகும் சாலையை அகலப்படுத்த அளந்தார்கள். அதன் ஓரத்தில் எழுத்தோ உருவமோ இல்லாத ஒரு கல் உண்டு. பட்டாசுக் கம்பெனி வேன்கள் காலையில் அங்கே நிற்கும். பெண்கள் ஜன்னல் வழியே அதன்மேல் ஒரு வாய் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். தண்ணீர் கேட்டுக் கிடைக்காமல் செத்தவளின் கல் அது என்று, ஸ்கூட்டரில் கடக்கும்போதெல்லாம் என் மனைவி சொல்வாள். "ஆதாரம்?" என்பேன் நான். அவள் இறந்தபின் அந்தக் கதையைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கல்லைக் காப்பாற்றச் சொல்லி மனு போட்டேன்.

பதில் வரவில்லை, சர்வேயர் வந்தார்; கல்லைக் காட்ட நானும் போனேன். நின்ற வேனைப் பார்த்து, யாருடைய கல் என்று கேட்டார்.

"தாகத்துல செத்த பிள்ளத்தாச்சி."

"இல்லக்கா, வெடியில கருகினவ."

"போடி! தண்ணி குடுத்தா மழைய நிறுத்தி வைக்கிற சாமி. இல்லாட்டி சீசன் ஓடுமா?"

சர்வேயர் ஃபைலை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்லக் கூடாதா?" என்று வேன் பெண்களிடம் எரிந்து விழுந்தேன்.

"ஒரே கதைன்னா ஒருத்தி போதாதா? வேன்ல இம்புட்டுப் பேரு எதுக்கு?" என்று சிரித்தாள் முன்சீட்டுக்காரி. "சரி, உங்க வீட்டுல என்ன சொல்லுவாக சார்?"

சொன்னேன். மனைவி போனபின் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. முடிக்கும்வரை டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. முன்சீட்டுக்காரி தன் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

புரட்டாசியில் இயந்திரம் கல்லைப் பிடுங்கிப் பள்ளத்தில் தள்ளியது. மறுநாள் வேன் பெண்கள் இறங்கி, அதை உருட்டிவந்து புதிய சாலையோரம் நட்டார்கள். இது பழைய இடமல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் விழுவதைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

பதில் கடைசியில் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. 'மனுவில் குறிப்பிட்ட இடத்தில் கல் ஏதும் இல்லை.' பிழையே இல்லாத பதில். கம்பெனிகள் மூடி, வேன்கள் ஓடாத நாள் அது. பாட்டிலோடு நடந்துபோய், மனைவி சொன்ன கதையைச் சொல்லிவிட்டு ஊற்றினேன். கேட்க ஒருவரும் இல்லை. ஆனாலும் சொல்ல ஒருவர் மிஞ்சும்வரை அது வெறும் கல்லாகிவிடாது என்று இன்றும் நம்புகிறேன்.