பதில் மணி

இடது கையில் கைப்பேசி, வலது கையில் கரண்டி. மைலோ பானத்தில், புரையேறாமல் விழுங்கவைக்கும் கெட்டிப்பொடியைக் கலக்கி முடிப்பதற்குள் டேனியல் சின்னையா உலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவார். எங்கோ நிலநடுக்கம், எங்கோ ஆட்சிக் கவிழ்ப்பு, கிள்ளான் பக்கம் வெள்ள எச்சரிக்கை. கட்டைவிரல் திரையை மேலே தள்ளத் தள்ள, கரண்டி கோப்பைக்குள் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். கட்டி விழாமல் கலக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வேலையில்தான் குறை. பக்கவாதம் வந்தவருக்கு ஊட்டுகிறவர் கண் அவர் தொண்டையில் இருக்க வேண்டும். ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். டேனியலின் கண் போர்முனையில் இருக்கும். அவர் மனைவி சலோமி விவரமானவர், வாயை இறுக்கி மூடிக்கொள்வார். கரண்டி அந்தரத்தில் நிற்கும்.

"ஏன், வேணாமா?" என்பார் டேனியல், திரையைப் பார்த்தபடியே.

பிரிக்பீல்ட்ஸில், மோனோரயில் வளைவில் திரும்பும் சத்தம் கேட்கிற தூரத்தில் நான்காம் மாடி வீடு. லிப்ட் இருக்கிறது; பெரும்பாலான நாட்கள் ஓடவும் செய்கிறது. டேனியலுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஒல்லியான உடம்பு, சலவை மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொரு கண்ணாடி. வீட்டுக்குள்ளும் கைக்கடிகாரத்தைக் கழற்றமாட்டார். ரயில்வேயில் சிக்னல் கேபினில் வேலை பார்த்தவர். கணினி வந்து கேபின்களை மூடிய பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து ஓய்வு பெற்றார் என்றாலும், பேச்சு மட்டும் இன்னும் கேபினை விட்டு இறங்கவில்லை.

"பக்கத்து ஸ்டேஷன்காரன் ரெண்டு மணி அடிச்சான்னா, நானும் ரெண்டு மணி திருப்பி அடிக்கணும். கேட்டுச்சுன்னு அர்த்தம். நான் அடிக்கலன்னா அங்க ஒருத்தன் வண்டிய நிப்பாட்டி வச்சுக்கிட்டு காத்துக்கிட்டு இருப்பான்லா. தூங்கிட்டேன்னு சொல்ல முடியாது, பாத்ரூம் போனேன்னு சொல்ல முடியாது."

அந்தப் பழக்கம்தான் இப்போது கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 'டிங்' என்றால் கை போய்விடும். குளியலறையிலிருந்து துண்டோடு வந்து பார்த்திருக்கிறார். சோற்றுக் கையோடு, முழங்கையால் திரையைத் திறக்க முயன்றிருக்கிறார்.

வெட்டிப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் கோபம் வரும். சபையில் புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு ஜெபக் குறிப்பு எடுத்துக்கொடுப்பவர் அவர்தான். எந்த நாட்டில் பஞ்சம், எந்த எல்லையில் சண்டை, எந்தத் தீவுக்கு அகதிப் படகு வந்தது என்று எல்லாம் விரல்நுனியில் இருக்கும். "தெரியாம எப்படி ஜெபிக்கறது? டாக்டருக்கே ரிப்போர்ட் வேணும். ஜெபிக்கறவனுக்கு வேணாமா?" என்பார். கேட்கிறவர்களுக்கும் நியாயமாகத்தான் படும்.

கீழே காப்பிக்கடையில் காலைக் கூட்டாளியான ராதாகிருஷ்ணனுக்கு மட்டும் படவில்லை. அவர் முருகன் பக்தர். தைப்பூசத்துக்குத் தவறாமல் பத்துமலை போகிறவர். "ஏன் டேனியல், உங்க சாமி வீட்ல டிவி இல்லையா? தினம் நீங்கதான் நியூஸ் வாசிச்சுக் காட்டணுமா?" என்று கேட்டுவிட்டுத் தே தாரிக் டீயை ஆற்றுவார்.

"விழிச்சிருங்கன்னு சொல்லியிருக்காருய்யா எங்க ஆண்டவரு. யுத்தம் வரும், யுத்தச் செய்தி வரும்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு."

இந்தப் பதிலைச் சலோமியிடம் சொல்லித் தப்ப முடிந்ததில்லை. பேச்சு இருந்த காலத்தில் அவர் சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பார். "அதுக்கு அடுத்தாப்புல கலங்காதீங்கன்னும் சொல்லியிருக்காரு. அத மட்டும் உங்க நியூஸ்ல போடமாட்டாங்களோ?"

வீட்டில் தினமும் மாலை குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், அப்புறம் டேனியலின் ஜெபம். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் தம்பூரின் என்ற சலங்கை வளையத்தைத் தட்டியவர் சலோமி என்பதால் அப்போதெல்லாம் பாட்டு தாளம் தப்பாது. ஜெபம்தான் நாடு நாடாகப் போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவது நாட்டைத் தாண்டினால் சலோமி சத்தமாக 'பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிவிடுவார். அது தொடங்கிவிட்டால் கிறிஸ்தவ வீட்டில் யாரும் குறுக்கே பேச முடியாது. கூடச் சேர்ந்து சொல்லி 'ஆமென்' போட்டு எழ வேண்டியதுதான். மகள் ஷாமினி சிறுபிள்ளையாக இருந்தபோது, பசித்தால் அம்மாவின் தொடையைக் கிள்ளி இதைத் தொடங்கவைப்பாள்.

போன கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு சலோமிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கேட்பது புரிகிறது; பார்வையில் அது தெரிகிறது. சொல்லத்தான் சொல் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் தெளிவாகத்தான் சொன்னாள்: ஆன்டிக்கு எதிரே உட்காருங்கள், முகத்தைப் பாருங்கள், டிவியை அணைத்துவிடுங்கள், அவர் சொல்ல வருவதை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், காத்திருங்கள். டேனியல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டிருந்தது.

ஜெபம் இப்போது ஐந்தாறு நாடுகள் வரை போகிறது. தடுக்க ஆளில்லை.

சலோமி இடது கையால் சக்கர நாற்காலியின் கைப்பிடியைத் தட்ட ஆரம்பித்ததை டேனியல் முதலில் ஜெபத்தில்தான் கவனித்தார். டக் டக். சற்று நிறுத்தி, மறுபடியும் டக் டக். அவர் மனம் நிறைந்துபோனது. தம்பூரின் தட்டிய கை அல்லவா. பேச்சு போனாலும் துதி போகவில்லை என்று சபையில் சாட்சியாகச் சொன்னார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஒரு மாலை, ஏதோ ஒரு நாட்டில் குண்டு விழுந்த பள்ளிக்கூடத்துக்காகக் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். சலோமி தட்டினார். ஜெபம் சூடேறியது. தட்டலும் வேகமாயிற்று. டேனியலின் குரல் உயர்ந்தது. ஆமென் சொல்லி எழுந்தபோது தமிழ்ச் செய்திக்கு நேரமாகிவிட்டிருந்தது. நாற்காலியின் பிரேக்கை விடுவித்து, மறுகையில் கைப்பேசியோடு, டிவி பக்கம் தள்ளினார். சலோமியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சொல் இல்லை. அசையாத வலது கை, அதற்கு அடியில் வைத்திருந்த தலையணையிலிருந்து சரிந்து எப்போதோ கீழே தொங்கிவிட்டிருந்தது. விரல்கள் சக்கரக் கம்பிகளுக்குள் போயிருந்தன. இரண்டு விரல்களில் தோல் உரிந்து, ஒரு நகம் கறுத்துவிட்டது.

மறுநாள் காலை சுங்கை பூலோவிலிருந்து மாதவி வந்தாள். பகலில் சலோமியைக் குளிப்பாட்டி, உடம்பைத் திருப்பிப் போட்டு, கைகால் பயிற்சி கொடுப்பவள். முதலில் விரல்களில் போட்டிருந்த துணிக்கட்டைப் பிரித்துப் பார்த்தாள். பேச்சு அதற்குப் பிறகுதான்.

"ஆன்டி தட்டலியா அங்கிள்?"

"தட்டுனா, மாதவி. நேத்து என்னமோ ஆவியில நிறைஞ்சு போயி தட்டுனா."

மாதவி மருந்துப் பஞ்சைக் கீழே வைத்தாள். "அங்கிள், அது பாட்டுக்குத் தட்டறதில்ல. கூப்பிடறது. ரெண்டு தட்டுனாங்கன்னா வான்னு அர்த்தம். கை விழுந்தா தட்டுவாங்க, நனைஞ்சா தட்டுவாங்க. உங்ககிட்ட சொன்னேனே, போன மாசமே. 'ம்'னீங்க."

"நானா?"

"போன்ல இருந்தீங்க."

டேனியல் மாதவியைப் பார்த்தார், பிறகு சலோமியின் இடது கையைப் பார்த்தார். எத்தனை மாலைகள் அது தட்டியிருக்கிறது என்று நினைக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

அன்று பகல் மாதவி சலோமியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, மனைவிக்காக மட்டும் ஜெபிக்கலாம் என்று அறையில் முழங்கால் போட்டார். ஆண்டவரே, சலோமியைத் தொடும் என்றார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கடல் கடந்த ஒரு பட்டணத்துக்கு எந்தப் பாலம் உடைந்தது, எந்த ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்று சொல்லி ஜெபிக்கத் தெரிந்தவருக்கு, சலோமிக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியவில்லை. எதை நினைத்துப் பயப்படுகிறாள், எந்த உணவு பிடிக்காமல் வாயை மூடுகிறாள், எதுவும் தெரியவில்லை. தெரியாமல் எப்படி ஜெபிக்கறது என்று ஊரையெல்லாம் கேட்டவர் அவர்தான். கீழே நடைபாதையில் பார்வையற்ற ஒருவரின் வெள்ளைக்கோல் தட்டிக்கொண்டே போனது. வெகுநேரம் முழங்காலிலேயே இருந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அன்றிலிருந்து கைப்பேசி பிரிட்ஜின் மேலே போயிற்று. அதனால் டேனியல் மாறிவிட்டார் என்று எழுதினால் பொய்யாகும். காரணமே இல்லாமல் பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தார். ஒரே நாளில் அவ்வளவு தண்ணீர் குடித்தவரை மாதவி பார்த்ததில்லை. "அங்கிள், உங்களுக்குத் தாகமா, நியூஸுக்குத் தாகமா?" என்றாள். ஊட்டும்போது தொண்டையைப் பார்க்கக் கற்றார். பார்த்தால் சலோமி வாயைத் திறந்தார்.

ஆனால் விரல் அடிபட்ட செய்தி ஷாமினிக்குப் போய்விட்டது. கிள்ளானில் பள்ளி ஆசிரியை. பேச்சில் சுற்றி வளைக்கமாட்டாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது, படுக்கை காலியாகிறது, சனிக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிப் போகிறேன் என்றாள்.

"நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் டேனியல்.

"நீங்க எல்லாத்தையும் பாக்கறீங்கப்பா. அம்மாவத்தான் பாக்கல."

 சலோமியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வராது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மாலை ஷாமினி வந்தாள். அம்மாவின் பாத்திக் உடைகள், கைலி, டயப்பர்கள், தலையணை உறை என்று பையில் அடுக்கினாள். அலமாரியிலிருந்த தம்பூரினை எடுத்து, ஒரு கணம் யோசித்து, அதையும் வைத்தாள். மாதவி சலோமியின் வலது கையைத் தலையணையில் சரியாகப் பொருத்தி, மெல்லிய துணியால் தளர்வாகக் கட்டினாள். கார் கீழே நின்றது. லிப்ட் அன்றைக்கு ஓடியது.

"ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாம்" என்றார் டேனியல். ஜெபிக்காமல் அந்த வீட்டிலிருந்து யாரும் பயணம் புறப்பட்டதில்லை. ஷாமினியால் மறுக்க முடியவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே நின்றாள்.

டேனியல் நாற்காலியை இழுத்துச் சலோமிக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடினார். இன்றைக்கு மகள் முன்னால் சலோமிக்காகத்தான் ஜெபிக்க வேண்டும் என்று நினைத்திருந்தார். வாய் திறந்ததும் பழைய தண்டவாளத்திலேயே ஓடியது. "இரக்கமுள்ள பிதாவே, யுத்தத்தினால வீடு வாசல விட்டு ஓடிக்கிட்டு இருக்கற ஜனங்கள..."

டக் டக்.

டேனியல் நிறுத்தினார். வாக்கியம் பாதியில் நின்றது. கண்ணைத் திறந்தார். சலோமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிட்ஜின் மேலே 'டிங்' என்றது. ஷாமினி அனிச்சையாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். டேனியலின் தலை அந்தப் பக்கம் திரும்பவில்லை. வலது கையின் நடுவிரலை மடக்கி, சக்கர நாற்காலியின் கைப்பிடியில், சலோமியின் விரல்களுக்கு அருகே, இரண்டு முறை தட்டினார்.

டக் டக்.

சலோமியின் தட்டலை இதுவரை யாரும் திருப்பித் தட்டியதில்லை. அவர் புருவம் உயர்ந்தது. வலது கை தலையணையில்தான் இருந்தது. நனைந்திருக்கவில்லை. டேனியல் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மறுபடி முகத்துக்கு வந்தார். எதுவும் கேட்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். மோனோரயில் ஒன்று வளைவைக் கடந்து போயிற்று. சலோமியின் உதடுகள் ஒட்டின, பிரிந்தன, மறுபடி ஒட்டின. கழுத்து நரம்பு புடைத்தது.

"ப..." என்றார். "பர..."

மாதவியின் கை வாய்க்குப் போனது. ஷாமினிக்குத் தெரிந்துவிட்டது. தொடையைக் கிள்ளிக் கிள்ளி வரவழைத்த சொல் அல்லவா. பை தோளிலிருந்து நழுவ, மீதியை எடுத்துக்கொடுக்க அவள் வாயைத் திறந்தாள்.

டேனியல் திரும்பவில்லை. மனைவியின் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, வருகிற வண்டியை நிறுத்துகிறவரைப்போல மகளை நோக்கிக் கையை உயர்த்தினார்.