மைக்கில் வந்த என் பேர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடிக் காற்று புழுதியை வாரி வாரிப் போட்டுக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் இறங்குவேன். உள்ளே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. சூப்பர்வைசருக்கு நான் நானூற்றுப் பதினேழு. அதுதான் என் டோக்கன் நம்பர்.

இருமல் வந்தது. இரும்புத் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பேண்ட் இடுப்பில் நிற்காமல் போனபோது கூட, வேலை அதிகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் சளியில் ரத்தம் வந்த பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டி.பி. என்றார்கள். ஆறு மாசம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் நிச்சயம் குணமாகும், நடுவில் நிறுத்தினால் நோய் முற்றிவிடும், அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம் என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். காண்ட்ராக்டரிடம் லீவு கேட்டேன். நல்லா ஆனதும் வாங்க, பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமே வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று கூட வேலை செய்தவன் சொன்னான். அன்றைக்கு மத்தியானமே வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் என்னை எடுத்துவிட்டிருந்தார்கள். வேலை போனதைவிட அதுதான் நெஞ்சில் குத்தியது.

ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் டி.பி. என்றால் இன்னும் பழைய பயம்தான். கம்பெனியில் ஆர்டர் இல்லை, லீவு விட்டிருக்கிறார்கள் என்று டீக்கடையில் கதை அளந்துகொண்டிருந்தேன்.

நான் பேருக்குத்தான் கிறிஸ்தவன். கிறிஸ்துமஸுக்குப் புதுச்சட்டை, ஈஸ்டருக்குப் பிரியாணி, என் விசுவாசம் அத்தோடு சரி. மனைவி அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் தெருக்கோடி தகரக் கூரை சபைக்குப் போவாள். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். கஷ்டம் உள்ளவர்கள் ஒரு சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். பிரசங்கம் முடிந்ததும் ஒரு சகோதரி அந்தச் சீட்டுகளை மைக்கில் படிப்பார், எல்லோரும் ஜெபிப்பார்கள். குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டி ஊரைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்கள். கேட்க வேண்டும் என்று இல்லை, காதிருந்தால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. திடீரென்று என் பேர் வந்தது. அப்புறம் வேலை போனது. அப்புறம், கா, ச, நோய். நான் எழுந்து உட்காருவதற்குள் அதே நிதானத்தில் கடைசி வரியும் வந்துவிட்டது. பேர், படிக்க, வேண்டாம்.

அதையும் படித்துவிட்டார். என் மனைவி ரகசியம் காக்க நினைத்து அந்த வரியை எல்லாவற்றுக்கும் கீழே எழுதியிருக்கிறாள். தெருவில் யாரோ சிரித்தார்கள். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சபைக்குப் போனேன். படித்தவர் ஐம்பது தாண்டிய ஒரு அக்கா. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர், மற்ற நாளில் நூறு நாள் வேலை. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் வயதுவந்தோர் வகுப்பில் சேர்ந்து, அந்த வயதில் எழுத்துப் படித்தவர். எனக்கு அது எதுவும் தெரியாது என்று சொல்ல முடியாது, தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"எழுத்தக் கூட்டிப் படிக்கவே ததிங்கிணத்தோம் போடறவளுக்கு இன்னாத்துக்கு மைக்கு?"

கூட்டம் முழுக்க நின்று பார்த்தது. அந்த அக்கா கையில் இருந்த சீட்டை நாலாக மடித்தார். நான் வென்றுவிட்டவன் மாதிரி திரும்பி நடந்தேன்.

அடுத்த நாளிலிருந்து டீக்கடையில் எனக்கு மட்டும் பேப்பர் கப். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கள் வாசலில் விளையாட விடவில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் மனைவி மேல் கொட்டினேன். எவ்வளவு நாள்தான் அவளும் கேட்பாள்? நான்தான் போ என்றேன். பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாகறலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. பஸ் ஏறும்போது எனக்குக் கை ஆட்டினாள். நான் பதிலுக்கு ஆட்டவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படிச் சொல்வது? காலையில் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குச் சரியாக முழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்தால் எங்கும் போக வேண்டியதில்லை. பொழுது ஏற ஏற மதகுப் பக்கம் போய் உட்காருவேன். ஏரியில் தண்ணீர் இல்லை, வெடித்த மண்ணில் மாடு மேயும். பேச ஆள் இல்லாமல் ஒரு முழு நாள் போன பிறகு இருமினால், நம் சத்தமே நமக்கு அன்னியமாகக் கேட்கும். அந்த மாத்திரை வேறு. வெறும் வயிற்றில் மூன்று. குமட்டிக்கொண்டு வரும், சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். யாருக்காக இதையெல்லாம் முழுங்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. அன்றைக்கு விட்டேன். மறுநாளும் விட்டேன்.

அந்த அக்கா ஒரு காலையில் வந்து வாசல் முருங்கை மரத்தடியில் நின்றார். வேலைக்குப் போகும் வழி, கையில் மண்வெட்டி. தம்பி என்று இரண்டு முறை கூப்பிட்டார். நான் உள்ளேயே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் அதே போல. மூன்றாம் நாள் விரட்டிவிடலாம் என்றுதான் கதவைத் திறந்தேன்.

மன்னிப்புக் கேட்பார், அழுவார், வசனம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். நாளுக்கு ஒரு கட்டம், மாத்திரை போட்டால் அதில் ஒரு டிக்.

"நாலு நாளா மாத்திர போடல நீ," என்றார்.

உனக்கென்ன தெரியும் என்று சீறினேன்.

"எழுத்துதான் தம்பி எனக்குத் தடுமாறும். கட்டம் காலியா கீதுன்னா தெரியும்."

அவர் முந்தானையில் முடிந்திருந்த அவித்த முட்டை ஒன்றை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். நான் பண்ணினது தப்புதான், அதுக்கு என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு, மாத்திரையைப் போட்டுவிட்டுத் திட்டு என்றார். முழுங்கும் வரை நகரப் போவதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. முழுங்கினேன். அவர் நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, "ஆண்டவரே, இன்னிக்கு முழுங்கிட்டாரு, ஸ்தோத்திரம்," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நான் கேட்ட ஜெபங்களிலேயே அதுதான் மிகச் சின்னது. எங்கள் சபையில் ஜெபம் என்றால் அரை மணிக்குக் குறையாது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு நாள் விட்டதைச் சொன்னேன். நர்ஸ் நன்றாகத் திட்டினார், இனி ஒருநாளும் விடாதே என்று அனுப்பினார். அதிலிருந்து அந்த அக்கா தினமும் காலையில் வந்தார். முட்டை, மாத்திரை, ஒரு டிக், ஒரு வரி ஜெபம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பயமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டதற்கு, "நர்சம்மாவ கேட்டுக்கினுதான் வரேன். வாயப் பொத்திக்கினு இருமு, அவ்ளோதான்," என்றார். நாள் முழுக்க என்னோடு பேசும் ஒரே மனுஷக் குரல் அது. ஆனாலும் நான் அன்று சபையில் பேசினதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. வீம்பு, வேறென்ன.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடிந்தும் விடாமல் கொட்டியது. சிறுபாலத்துக்கு மேல் தண்ணீர் போனதால், அக்கா வீடு இருக்கும் அந்தப் பக்கமிருந்து யாரும் வர முடியவில்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி ஒன்பது ஆயிற்று. அவர் வரமாட்டார் என்று புரிந்தபோது அந்த வீடு எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதும் சேர்ந்து புரிந்தது. மாத்திரையை விட்டுவிடலாம் என்ற பழைய நினைப்பும் எட்டிப் பார்த்தது. எப்படியோ எடுத்து முழுங்கினேன். டிக் போட்டேன். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். யாராவது அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும் அல்லவா, அது பாக்கி இருந்தது.

"ஆண்டவரே, இன்னிக்கு முழுங்கிட்டேன்," என்றேன்.

எந்த வெளிச்சமும் வரவில்லை, எந்தக் குரலும் கேட்கவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. ஆனால் சொன்னதை ஒருத்தர் கேட்டுக்கொண்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நான் வேலைக்குப் போகாதது பற்றி ஒரு ஆள் கூட விசாரிக்காத உலகத்தில், நான் மூன்று மாத்திரை முழுங்கினேனா என்று கேட்டுக்கொள்ள ஒருத்தர் இருக்கிறார். சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம் எதுவும் செய்யாததை அது செய்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். பிறகு மாகறலுக்குப் போன் போட்டேன். மனைவி எடுத்தாள். மாத்திரை போட்டீங்களா என்றுதான் முதலில் கேட்டாள்.

மார்கழிக்கு முன்னால் அவளும் பெண்ணும் வந்துவிட்டார்கள். தை மாசம் கோர்ஸ் முடிந்து பரிசோதனை செய்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது. நன்றி சொல்ல வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்குப் போனேன்.

பிரசங்கம் முடிந்தது. சீட்டு படிக்க எழுந்தது வேறு ஒரு பெண். கல்லூரியில் படிக்கிறவள், மடமடவென்று படித்தாள். அந்த அக்கா கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஏன் என்று மனைவியிடம் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் சத்தம் போட்ட நாளிலிருந்து அவர் மைக்கைத் தொடவில்லையாம். பாஸ்டர் எவ்வளவோ சொல்லியும், அந்தத் தம்பி சொன்னது சரிதான் என்று மறுத்துவிட்டாராம். அவருடைய வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று செய்த ஒரே காரியம் அந்தச் சீட்டுப் படிப்பதுதான் என்றாள்.

அந்த வாய் மேல்தான் நான் வார்த்தையால் அடித்திருந்தேன். அடிபட்ட மனுஷி மாசக்கணக்கில் தினமும் முட்டையோடு என் வாசலுக்கு வந்து, இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மகளின் நோட்டில் ஒரு தாள் கிழித்தேன். கொட்டை எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதினேன். கடைசி வரிசைக்குப் போய், அக்கா, இதை நீங்கதான் படிக்கணும், அன்னிக்குப் பேசினது என் தப்பு என்றேன். வேணாம் தம்பி என்று கையை இழுத்துக்கொண்டார். விடவில்லை. பாஸ்டரும் கூப்பிட்டார். கடைசியில் எழுந்து போய் மைக் முன்னால் நின்றார்.

என் பேரை எழுத்தெழுத்தாகப் படித்தார். டி.பி. என்பதைப் படித்தார். குணமாயிற்று என்பதைப் படித்தார். கடைசி வரி, என் பேரை ஊருக்கே கேட்கும்படி படிக்கவும் என்று எழுதியிருந்தேன். அதையும் அப்படியே படித்துவிட்டு, என்னைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார்.

கம்பெனி வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது உத்திரமேரூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் இருக்கிறேன். டீக்கடையில் பேப்பர் கப் இன்னும் முழுசாகப் போகவில்லை, தனியாக நிற்கும் நாட்களும் இருக்கின்றன. பதினோரு வருஷம் நம்பராகவே இருந்தவனின் பேரை அவ்வளவு மெதுவாக, ஒரு எழுத்தும் விட்டுவிடாமல் வேறு யாரும் சொன்னதில்லை. ஆண்டவர் நம்மைக் கூப்பிடுவதும் அந்தக் குரலில்தான் இருக்கும் என்று அப்படிப்பட்ட நாட்களில் நினைத்துக்கொள்வேன்.