வாரேன் என்று சொல்லிப் போனவர்

போன வாரம் கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரர், கண்ணில் நீர் வழிய வழியப் பரோட்டாவைச் சால்னாவில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களுக்கு ஒரே சிரிப்பு. என்னால் சிரிக்க முடியவில்லை.

எங்கள் கரிசல் பக்கம் வெளிநாட்டாருக்கு என்ன ஜோலி, சொல்லுங்கள்? அந்தக் காலத்தில் பருத்திக்கு வந்தார்கள், பாளையக்காரரோடு சண்டை போட வந்தார்கள், வேதம் சொல்ல வந்தார்கள். நான் ஒரு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது (அதற்குப் பெயர் மேனேஜர்!) வந்தவள், அம்மாவைத் தேடி வந்தாள். கைக்குழந்தையிலேயே வெளிநாட்டுக்குத் தத்துப் போனவள். நிறம் நம்ம நிறம். தமிழ்தான் புத்தகத்தில் படித்த தமிழ். மூட்டைப்பூச்சிக் கட்டிலைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், எங்கள் மெஸ் குழம்பின் காரத்தைத்தான் தாங்க முடியவில்லை. ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினாள்.

விசாரித்து விசாரித்து ஆள் அனுப்பியதில், விளாத்திகுளம் பக்கமிருந்து அந்த அம்மா வந்தார். புருஷனுக்குத் தெரியாமல் வந்திருந்தார். இருவருக்கும் சோறு வைத்தோம். ஒரு வாய் வைத்ததுமே மகளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"ஏட்டி, ஒறைக்கோ?"

அவ்வளவுதான் கேட்டார். மகளின் கன்னத்தைத் தடவினார். "வாரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

மகள் அறையை விட்டு நகரவில்லை. "அம்மா வாரேன் சொன்னாங்க" என்றாள். லாட்ஜ் முதலாளி அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏம்மா, போறேன்னு சொல்லப்படாதுன்னு வாரேன்னு சொல்லுதது. எழவு வீட்டத் தவிர எங்கன போனாலும் அப்படித்தான் சொல்லுவோம். அவிய வர மாட்டாவ."

ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அழுது முடித்து அவள் மதுரை பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் அந்த அம்மா தூக்குச்சட்டியோடு படியேறி வந்தார். கோழிக்குழம்பு. மிளகாய் விளைகிற ஊர்க்காரர், மிளகாயே போடாமல் வைத்த குழம்பு.

"போயிட்டாளா? வீட்ல அவிய வெளியூரு போற நாளாப் பாத்துல்லா வரணும். வாரேன்னு சொல்லிட்டுத்தான அண்ணாச்சி போனேன்?"

மகள் தந்திருந்த விலாசத்துக்குக் கடுதாசி போட்டோம்; திரும்பி வந்துவிட்டது.

அதன்பிறகு டவுனுக்கு வரும்போதெல்லாம் அந்த அம்மா வாசலில் நின்று, "தாக்கல் உண்டா?" என்று மகளைப் பற்றிச் சேதி கேட்டுவிட்டுப் போவார். பிறகு அண்ணாச்சி காலமானார். லாட்ஜை இடித்துச் செல்போன் கடைகள் கட்டினார்கள். நானும் வேறு பிழைப்புக்குப் போய்விட்டேன். அந்த அம்மா அப்புறம் யாரிடம் போய்க் கேட்டாரோ தெரியாது. மகள்தான் மனம் கேட்காமல் திரும்பி வந்திருந்தால், எந்த வாசலில் போய் நின்றிருப்பாள்?