கோரிமேட்டோடு நின்றுவிடும் சான்றிதழ்

1958 ஜூன் மாதம், என் மகள் வசந்தியின் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த மறுவாரம், அவளுடன் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய்வந்தேன். கடற்கரை பார்க்க அல்ல, நர்ஸ் படிப்புக்குப் பள்ளி பார்க்க. இதே காரியமாகப் புறப்படும் தாய்மார்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிப் பள்ளி; சேரும்போதே முந்நூறு ரூபாய் கட்ட வேண்டும், ஆனால் முடித்தால் சென்னை ராஜ்யம் முழுவதும் வேலை. மற்றது புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தரும் பயிற்சி. கட்டணம் இல்லை, சாப்பாடும் போட்டுக் கைச்செலவுக்கும் தருவார்கள் என்று கேள்வி. கணவர் இல்லாமல், ஆசிரியை சம்பளத்தில் வீட்டை நடத்தும் எனக்கு இரண்டாவதில்தான் மனம் போயிற்று. இன்னொரு காரணமும் உண்டு. தையல், வீணை, ஹிந்தி எல்லாவற்றையும் வசந்தி பாதியில் விட்டவள். இதையும் விட்டால் நஷ்டம் இல்லாத இடமாக இருக்கட்டுமே! அவளிடம் இதைச் சொல்லவில்லை.

காலை ஒன்பதே முக்காலுக்குப் பஸ். இருபத்தைந்து மைல், ஆளுக்கு ஒரு ரூபாய். வழியில் டயர் வெடித்ததால் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பன்னிரண்டு ஆகப்போகிறது. ரிக்ஷாக்காரர் எட்டணா கேட்டார்.

"ஆஸ்பத்திரி ஆபீசுக்கா? இப்பப் போயி இன்னாம்மா பண்ணப் போறீங்க? பன்னெண்டு அடிச்சா ஊரே படுத்துக்கும். மூணு மணிக்குத்தான் எழுந்திருக்கும்."

"வெள்ளைக்காரன்தான் போய்விட்டானே?"

"அவன் போயிட்டாம்மா. தூக்கம் போவல."

அவர் சொன்னபடியே ஆபீஸ் பூட்டியிருந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ரோசாலி என்ற நர்ஸ், முப்பது வயதிருக்கும், எங்களைப் பார்த்துப் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். நான் நேராகக் கேட்டேன்: இங்கே வாங்கும் சான்றிதழ் எங்கள் திண்டிவனம் பக்கம் செல்லுமா?

"செல்லுமான்னு மெட்ராசுக்கு எழுதிக் கேட்டிருக்காங்கக்கா. பதில் வரல."

"அப்படியானால் உங்கள் கதி?"

"எனக்கென்ன? எங்க அண்ணன் பாரிஸ்ல இருக்காரு. இதைக் காட்டி அங்க வேலைக்குப் போயிடுவேன். திண்டிவனத்துக்கு வந்தாத்தான் நான் நர்ஸ் இல்ல." சிரித்துவிட்டு வசந்தியின் பக்கம் திரும்பினாள். "பாப்பாவுக்கு பிரெஞ்சு வருமா? மாசேருங்க பாடமெல்லாம் அதுலதான் எடுக்கறாங்க." கன்னியாஸ்திரீகளைத்தான் இந்த ஊரில் மாசேர் என்கிறார்கள்.

"கத்துக்கறேன்," என்றாள் வசந்தி.

"ஹிந்தி கத்துக்கிட்ட மாதிரியா?" என்றேன்.

மூன்று மணிவரை சும்மா இருப்பானேன் என்று ரோசாலி அவளை வார்டுக்கு அழைத்துப் போனாள். நான் வாசலில் நின்றேன். மீன் விற்கும் அம்மாள் ஒருத்திக்குக் காலில் சிப்பி கிழித்துச் சீழ் வைத்திருந்தது. ரோசாலி துடைக்க, வசந்தி ஒரு கையால் காலைப் பிடித்து, மறு கையில் ஸ்பிரிட் பாட்டிலை வைத்திருந்தாள்.

"ஐயோ, எரியுதே! ஏண்டி பொண்ணு, கொள்ளிக்கட்டையா வச்சிருக்கற கையில?"

"ஆயிடுச்சும்மா, இன்னும் கொஞ்சம்தான்."

அந்த அம்மாள் உதைத்த உதையில் பாட்டில் சாய்ந்து வசந்தியின் தாவணி நனைந்தது. அவள் பாட்டிலை நிமிர்த்தினாள், காலை விடவில்லை.

ஆபீஸ் திறந்ததும் குமாஸ்தாவும் அதையேதான் சொன்னார்: பதில் வரவில்லை, எப்போது வருமோ தெரியாது, படித்து முடித்தவர் இந்த ஊரிலேயே மூன்று வருஷம் வேலை செய்ய வேண்டும். வசந்தி பையில் கொண்டுவந்திருந்த வேறு தாவணியை மாற்றிக்கொண்டு, நனைந்ததை அதில் திணித்தாள்.

ஐந்து மணி பஸ் புதுச்சேரியின் எல்லையான கோரிமேட்டில் நின்றது. எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லையில் போலீஸ் ஒவ்வொரு பையாக மோந்து பார்ப்பார்கள். எங்கள் பையைத் திறந்ததும் போலீஸ்காரர் நிமிர்ந்தார்.

"இன்னா சரக்கு இது?"

"அடடே, டீச்சரம்மாவுமா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது.

"ஸ்பிரிட் சார். காயம் தொடைக்கும்போது கொட்டிடுச்சு," என்றாள் வசந்தி.

"தொடைக்க நீ யாரு?"

"நர்ஸ்."

அவர் பையை மூடிக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். வசந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எந்த இடத்துக்கு இப்பால் அந்த ஊர்ச் சான்றிதழ் செல்லாதோ, அந்த இடத்தில் என் பெண் ஒரு சான்றிதழும் இல்லாமல் அதைச் சொல்லிவிட்டாள். விட்டுவிடுவாள் என்று நான் போட்டிருந்த கணக்கு வீடு சேரும்வரை நெஞ்சில் கிடந்து உறுத்தியது. மறுநாள், கூரைக்கு ஓடு மாற்றச் சேர்த்திருந்த பணத்தை எடுத்து மிஷன் பள்ளிக்கு மணியார்டர் செய்தேன். இந்த மழைக்கு அடுப்படி ஒழுகும். ஒழுகட்டும்.

போகிறவர்கள் பதினொரு மணிக்குள் ஆபீஸில் இருங்கள். சான்றிதழ் எதுவரை செல்லும் என்று முதலில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு தெரிந்து, அந்த ஊரிலேயே இருக்கச் சம்மதிக்கும் பெண்ணுக்கு அதைவிட மலிவான இடம் கிடையாது. பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் முடிவு செய்யாதீர்கள். மாற்று உடை கையில் இருக்கட்டும். அந்தத் தாவணியை வசந்தி இன்னும் துவைக்கப் போடவில்லை. மிஷன் பள்ளிக்குக் கொண்டுபோகும் பெட்டியில் அடியில் மடித்து வைத்திருக்கிறாள்.