கொரில்லாவும் என்ர தடிமனும்

போன சனிக்கிழமை, இஞ்ச டென்மார்க்கில, ஹ்விடோவ்ரேயில ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். சாப்பாட்டு வரிசையில நிக்கிறன். பின்னால நிண்டவர் முதுகில தட்டினார்.

"என்ன அண்ணை, கொஞ்சக் கிழமையா பேப்பரில நீங்கள் எழுதுற பக்கத்தைக் காணேல்லை? சுகமில்லையோ?"

முந்தியெண்டால் இந்தக் கேள்விக்கே எனக்குப் பத்திக்கொண்டு வந்திருக்கும். எனக்கோ? சுகமில்லையோ? ஹோர்சன்ஸில ஒரே ஃபக்டரியில, ஒரே பக்கிங் பகுதியில இருபத்தியொரு வருசமா வேலை. ஒருநாள்... ஒரேயொரு நாள் சுகமில்லை எண்டு போன் எடுத்தது கிடையாது. காய்ச்சலோட போயிருக்கிறன். பல்லுப் பிடுங்கின கையோட, வாயில பஞ்சை அடைஞ்சுகொண்டு போயிருக்கிறன். டெனிஷ்காரர் மூக்கு ஒழுகினாலே வீட்டில நிண்டுடுவினம். நாங்கள் அப்பிடியே?

இந்தத் திமிரை இறக்கி வைக்கிறதுக்கு நான் ஆபிரிக்காவில மலையேற வேண்டியிருந்தது. அதுதான் ஆளைக் காணேல்லை.

எனக்கு ஒரு பைத்தியம் இருக்கு. டெனிஷ் வகுப்பில படிச்ச டெனிஷை விட, ரீவியில மிருகங்களைப் பார்த்துப் படிச்ச டெனிஷ்தான் எனக்குக் கூட. டொக்டரிட்ட வருத்தத்தைச் சொல்லத் தெரியாத காலத்திலயே, கொரில்லா ஒருநாளைக்கு எவ்வளவு இலை தின்னும் எண்டு டெனிஷில சொல்லுவன். ஒருக்கா நேரில பார்க்கவேணும் எண்டு வீட்டில ஓயாமல் புலம்பியிருக்கிறன் போல... மகள் தர்சி அதை மனசில வைச்சிருந்திருக்கிறாள். ஓகூஸ் நகரத்தில ஒரு கொம்பனியில வேலை செய்யிறாள். எனக்கு அறுபது வயசானதுக்கு அவளின்ர பரிசு — உகண்டாவில வழிகாட்டியோட ரூவன்சோரி மலையில ஏழுநாள் நடை. அது முடிய, காட்டுக்குள்ள கொரில்லா. அப்பாவும் மகளும் மட்டும்.

என்ர மனுசி வரமாட்டன் எண்டிட்டா. "கொரில்லா பார்க்க உவ்வளவு தூரம் போகோணுமோ? நான் முப்பது வருசமா வீட்டிலயே பார்க்கிறன்."

சரி, மலையேறப் பயிற்சி வேணுமே? டென்மார்க்கின்ர ஆக உயர்ந்த இடம் எங்கட வீட்டில இருந்து சைக்கிள் ஓடுற தூரத்திலதான் இருக்கு. பெயர்தான் மலை... ஏற வெளிக்கிட முதலே உச்சி வந்திடும். வேற வழியில்லாமல் எங்கட மாடிக் கட்டடத்தின்ர படியில, பத்துக் கிலோ அரிசி மூட்டையை முதுகில கட்டிக்கொண்டு ஏறி இறங்கினன். நாலாம் மாடி மனுசி ரெண்டு நாள் பார்த்திட்டு, லிஃப்ட் பழுதெண்டு கட்டட ஒஃபீசுக்குப் போன் பண்ணிட்டா.

ரூவன்சோரியில அந்தப் படியெல்லாம் எந்த மூலைக்கு! அங்க மலை எண்டுறது சேறு. முழங்கால் வரைக்கும் றப்பர் பூட்ஸ் போட்டுத்தான் நடை. ஒரு காலை இழுத்தெடுக்க மற்றக் கால் தாழும். வீட்டுக் கூரை உயரத்தில ஒரு தண்டு, அதின்ர நுனியில இலை விரிஞ்ச ஒரு பெரிய முட்டைக்கோவா — அப்பிடி ஒரு மரம், பள்ளத்தாக்கு முழுக்க. எங்கட வழிகாட்டி மோசஸ், வாயில எப்பவும் ஒரு சிரிப்பு. நான் மூச்சு வாங்கி நிக்கிற நேரமெல்லாம், "நல்லா நடக்கிறீங்கள் சேர்" எண்டுவான். நான் நிண்டுகொண்டு இருக்கேக்குள்ளயே!

ஆனால் சந்தோசம் வேறயா இருந்தது. தர்சி வீட்டுக்கு வந்தால் என்னோட கதைக்கிறது டெனிஷில. அதுகும் "யா", "நை" — ஓம், இல்லை, அவ்வளவுதான். மலையில போனுக்கு சிக்னல் இல்லை. பிள்ளை என்ன செய்யும்? என்னோட கதைச்சாள். உடைஞ்ச தமிழில, மணித்தியாலக் கணக்கா. வேலை, சிநேகிதிகள், ஆரோ ஒரு பெடியன்... அந்தச் சேத்துக்குள்ள நான் சிரிச்ச சிரிப்பு! இனி அவளோட நிண்டு கொரில்லாவையும் பார்த்திட்டால் காணும், எனக்கு வேற ஒண்டும் வேண்டாம் எண்டு இருந்தது.

ஐஞ்சாம் நாள், நாலாயிரம் மீற்றருக்குக் கிட்ட, விடாமல் மழை. உடுப்பு தொப்பலா நனைஞ்சுது. அண்டைக்குத் தொடங்கின தும்மல்... பிறகு தொண்டை, பிறகு இருமல்.

"என்ன அப்பா, இருமுறீங்கள்?"

"ஒண்டுமில்லை பிள்ளை. தூசி."

"மழையில என்ன தூசி?"

நான் நடையைக் கூட்டினன். ஏனெண்டால் மோசஸ் முதல்நாளே சொல்லியிருந்தவன். சளி, தடிமன் இருக்கிற ஆளைக் கொரில்லாவிட்ட விடமாட்டினம். எங்கட தடிமன் அதுகளுக்குத் தொத்தும். எங்களுக்கு ரெண்டு நாள் மூக்கொழுகல்; அதுகளுக்கு உயிர் போற காரியம்.

மனுசி கட்டித் தந்த மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் கைவசம் இருந்தது. மலையால இறங்கின நாளில இருந்து அவிச்சு அவிச்சுக் குடிச்சன். நெஞ்சுக்குத் தைலம். வாயில இனிப்பு. இருபத்தியொரு வருசம் ஃபக்டரிப் போர்மனுக்கே காட்டிக் குடுக்காத இருமல், ஒரு கொரில்லாவுக்கு முன்னால காட்டிக் குடுக்குமோ?

கொரில்லா பார்க்கிற நாள் காலமை காட்டு ஒஃபீசில எங்களை வட்டமா நிக்க வைச்சினம். எட்டுப் பேர். எல்லாருக்கும் முகத்துக்கு மாஸ்க். காட்டுக் காவல் பிள்ளை ஒருத்தி, பச்சை யூனிஃபோர்ம், வந்து நிண்டாள். காய்ச்சல் பார்க்கிற கருவியை நெத்திக்கு நேர பிடிச்சாள். எனக்குக் காய்ச்சல் இல்லை. பிறகு கேட்டாள்.

"ஆருக்காவது இருமல், தடிமன் இருக்கோ?"

ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நானும்தான். தொண்டைக்குள்ள இருமல் ஒண்டு ஏறி வருகுது... விழுங்கினன். கண்ணில தண்ணி வந்திட்டுது. அவள் அடுத்த விசயத்துக்குப் போயிட்டாள். தப்பிட்டன்!

தர்சியைப் பார்த்தன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிக்கிறாள். ஒரு சொல்லுச் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் கோவிச்சிருப்பன், அது லேசு.

அந்தக் காவல் பிள்ளை தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனாள். "உங்களுக்கு இண்டைக்கு அதிர்ஷ்டம். இந்தக் குடும்பத்தில ஒரு குட்டி பிறந்திருக்கு. மூண்டு கிழமை." சொல்லேக்குள்ள தன்ர வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லுற மாதிரி அவளுக்கு முகம் மலர்ந்துது.

என்ர கை எப்பிடி மேல போச்சுதெண்டு எனக்கே தெரியாது.

"எனக்கு... சுகமில்லை."

அறுபது வயசில, வாழ்க்கையில முதல்தரம். பேச்சு விழும் எண்டு தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன். அவள் என்ன செய்தாள் எண்டு நினைக்கிறியள்? "தாங்க்யூ சேர்" எண்டாள். அவ்வளவுதான். வாசலில கிடந்த நீட்டு மர வாங்கில இருக்கச் சொல்லி, தேத்தண்ணி குடுக்கச் சொன்னாள்.

தர்சி, தானும் நிக்கிறன் எண்டாள். "விசர்க்கதை கதையாதை. ரெண்டு பேரின்ர கண்ணையும் நீ கொண்டு போ" எண்டு கலைச்சு விட்டன். அவையள் மரங்களுக்குள்ள மறையுமட்டும் பார்த்துக்கொண்டு இருந்தன். பொய் சொல்லக்கூடாது, வயிறு பத்தி எரிஞ்சுது. அழுகையும் வந்துது.

தனிய ஒரு வாங்கில நாலு மணித்தியாலம் இருந்தால் மனுசன் என்ன செய்வான்? யோசிப்பான். எனக்கு பெண்டேயின்ர ஞாபகம் வந்துது.

பெண்டே எனக்குப் பக்கத்தில நிண்டு வேலை செய்யிற டெனிஷ் மனுசி. பதினைஞ்சு வருசப் பழக்கம். நான் இருமிக்கொண்டு வேலைக்குப் போற நாளில, கோப்பி நேரத்தில அவ தன்ர கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேசையின்ர மற்ற அந்தத்துக்குப் போயிடுவா. ஏனெண்டு சொல்லமாட்டா. எனக்குச் சரியான கோவம். பார், கறுத்தவனுக்குப் பக்கத்தில இருந்து கோப்பி குடிக்க ஏலாது எண்டு வீட்டில என்ர மனுசியிட்ட வந்து கொதிச்சிருக்கிறன். ஒரு கோடைகால விருந்துக்கு அவவின்ர புருசன் வந்தார். மூக்கில குழாய், பக்கத்தில சில்லு வைச்ச ஒட்சிசன் சிலிண்டர். கை குடுத்துக் கதைச்சன். ஐயோ பாவம் எண்டு சொன்னன். சாப்பிட்டன். வந்திட்டன்.

ரெண்டையும் கூட்டிப் பார்க்க எனக்கு உகண்டாவில ஒரு வாங்கு தேவைப்பட்டிருக்கு! நான் பெருமையா ஃபக்டரிக்குக் கொண்டுபோன ஒவ்வொரு தடிமனும், அந்த மனுசி வீட்டுக்குக் கொண்டு போகாமல் இருக்கப் பாடுபட்ட தடிமன். கண்ணால காணாத ஒரு குட்டிக்காக ஒரு நிமிசத்தில கையைத் தூக்கினன். பதினைஞ்சு வருசமாப் பக்கத்தில நிக்கிற மனுசிக்காக ஒருநாள் தூக்கினனோ? வெக்கமா இருந்தது. சரியான வெக்கம்.

தர்சி தலையில இருந்து கால்மட்டும் சேறோட வந்தாள். படத்தைக் காட்டுறதோ விடுறதோ எண்டு தெரியாமல் முழிச்சுக்கொண்டு நிண்டாள். "காட்டு பிள்ளை" எண்டன். தாயின்ர நெஞ்சில ஒரு கறுப்புக் குட்டி, கண் மட்டும் மின்னுது. என்ன வடிவு! மாஸ்க்குக்குள்ள நான் இருமிக்கொண்டு பார்த்தன்.

ஹோர்சன்ஸ் வந்தும் இருமல் விடேல்லை. திங்கட்கிழமை காலமை ஃபக்டரிக்குப் போன் எடுத்தன். "எனக்குச் சுகமில்லை, இண்டைக்கு வரேல்லை." போர்மன் பதறிப்போய்க் கேட்டார்: "எந்த ஆஸ்பத்திரி?"

வியாழக்கிழமை சுகமாகித்தான் போனன். கோப்பி நேரத்தில பெண்டேக்கு முன்னால போய் இருந்து, எல்லாத்தையும் சொன்னன். என்னை மன்னிக்கவேணும் எண்டும் சொன்னன். அவ கோப்பையைப் பிடிச்சபடி கேட்டுக்கொண்டு இருந்தா. சங்கடத்தில நான்தான் அலட்டினன் — சுகமான ஆக்களைக்கூட கொரில்லாவிட்ட இருந்து பத்து மீற்றர் தள்ளித்தான் நிக்க விடுவினம், அப்பிடி ஒரு சட்டம் இருக்கு எண்டு.

பெண்டே ஒரு மிடறு கோப்பி குடிச்சா.

"பத்து மீற்றரோ? எனக்கு ஒரு மேசை நீளமே போதுமாயிருந்தது."